ஒருக்கா வாங்களன்: கேட்கும் மொழியும் பிணை நிற்கும் மொழியும்

பள்ளிவாசல் சுவர்களில் ஒட்டப்படும் அறிவித்தல்களைக் கொஞ்சக் காலமாகச் சேர்த்து வருகிறேன். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்ததுதான். இதை இலக்கியம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால், எங்கட சமூகத்தில் ஆகக் கூடுதலான ஆக்கள் வாசிக்கிற தமிழ் உரைநடை இதுதான். நம் கவிதைத் தொகுதிகள் கட்டுக்கட்டாக அலுமாரியில் கிடக்க, வுழூச் செய்துவிட்டு வருகிற ஒவ்வொருவனும் இந்த அறிவித்தலின் முன் அரை நிமிடமாவது நிற்கிறான். அப்படியான ஓர் உரைநடையை விமர்சகர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வெகுநாளாக ஒரு குறை.

சேர்த்ததை ஒரு நாள் உட்கார்ந்து வாசித்தேன். திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலதான்: கட்டாயம், தவறாது, கண்டிப்பாக, உடனடியாக, இல்லையேல், தவறும் பட்சத்தில். சந்தா நிலுவையைச் செலுத்த வேண்டும். கூட்டத்துக்குச் சமுகமளிக்க வேண்டும். செருப்பை இங்கே வைக்கக் கூடாது. பல அறிவித்தல்கள் ‘தயவுசெய்து’ என்று தொடங்கி, மூன்றாம் வரியில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று முடிகின்றன. தயவு எங்கே போனது என்று தெரியவில்லை.

இந்தச் சேகரிப்பில் ஒன்று நானே எழுதியது. சாதாரண தரப் பிள்ளைகளுக்காக மாலை நேர வாசிப்பு வகுப்பொன்றைத் தொடங்க நினைத்தோம். பெற்றோர் கூட்டத்துக்கு அறுபது வீடுகளுக்குக் கடிதம் கொடுத்தோம். ‘பெற்றோர் கட்டாயம் சமுகமளித்தல் வேண்டும். சமுகமளிக்காதோரின் பிள்ளைகள் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள்.’ வந்தவர்கள் ஒன்பது பேர். எங்கட ஆக்களுக்குக் கல்வியில அக்கறை இல்லை என்று நானும் மற்றவர்களும் அன்றிரவு தேத்தண்ணிக் கடையில் இருந்து தீர்ப்பெழுதினோம். அடுத்த நாள், அடுத்த வளவுச் சாச்சி அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “வாசிச்சாப் பொலிசில இருந்து வந்த துண்டு மாதிரி இருக்கு மகன். ஒருக்கா வாங்களன் எண்டு எழுதினா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எழுதும் மறுமொழி என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பிந்திவிட்டது.

*

சாச்சி சொன்ன அந்த ‘அன்’ ஒரு சின்ன விஷயம் இல்லை. ‘வாங்க’ என்றால் ஏவல். ‘வாங்களன்’ என்றால், வந்தால் நல்லம், வராவிட்டால் கோபமில்லை, ஆனால் வருவீர்கள் என்று மனது சொல்கிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘வாவன்’, ‘இருங்கோவன்’ என்பார்கள். கிழக்கில் நாம் ‘இருங்களன்’, ‘சொல்லுங்களன்’ என்கிறோம். தமிழகத்தில் ‘வாங்களேன்’. அதற்கு முன்னால் ‘ஒருக்கா’வைப் போட்டால் கேட்கப்படும் காரியம் பாதியாகச் சுருங்கிவிடும். ‘ஒருக்கா அந்தக் கத்தியத் தாங்களன்’ என்று கேட்கிற பெண் கத்தியை இரண்டு மணித்தியாலம் வைத்திருப்பாள் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். இருந்தும் ஒருக்காதான். ‘தர ஏலுமா?’ என்பது இன்னொரு வகை. அது மறுப்புக்கு முன்கூட்டியே ஒரு நியாயத்தைச் செய்து கொடுக்கிறது. ‘ஏலாது’ என்று சொன்னவன் மனமில்லாதவன் ஆவதில்லை, வசதியில்லாதவன் ஆகிறான்.

எங்கட வீடுகளில் ‘தயவுசெய்து’ என்று யாரும் கதைப்பதில்லை. உம்மா மகனிடம் அப்படிச் சொன்னால் அது பெருங்கோபத்தின் அடையாளம். அந்தச் சொல் கந்தோரில் இருந்து வந்து கந்தோரிலேயே தங்கிவிட்டது. பேச்சில் பணிவைத் தனியாக ஒரு சொல் சுமப்பதில்லை. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அசையும், இழுத்துச் சொல்கிற குரலும், ‘நானா’, ‘ராத்தா’, ‘மகன்’ என்ற உறவுப் பெயரும் சேர்ந்து அதைச் சுமக்கின்றன. எழுதத் தொடங்கியதும் இந்த மூன்றையும் கைவிட்டு விடுகிறோம். பேசும்போது மாமியாக இருந்தவர் கடிதத்தில் ‘பெற்றோர்’ ஆகிவிடுகிறார். என் கடிதத்தின் முதற் பிழை அங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தொல்காப்பியர் இதைப் பற்றிக் கூர்மையாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்ற மூன்றையும் பிரித்து, முதலாவது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது, இரண்டாவது ஒத்தவனிடம் கேட்பது, மூன்றாவது உயர்ந்தவன் கேட்பது என்கிறார். வகுப்பறையில் இதை ஏற்றத்தாழ்வின் இலக்கணமாக மட்டும் படிப்பித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் மூன்றையுமே அவர் இரத்தலுக்குரிய சொற்களாகத்தான் வகுக்கிறார். கொடு என்று சொல்கிற பெரியவனும் அந்தக் கணத்தில் கை நீட்டுகிறவன்தான். பள்ளிவாசல் நிருவாகம் சந்தா கேட்கும்போது இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

‘வேண்டும்’ என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். வேண்டுதல், வேண்டுகோள் என்பவற்றின் வேரும் அதுவே. விரும்பிக் கேட்பதைக் குறித்த சொல், காலப்போக்கில் கட்டாயத்தின் முத்திரையாகிவிட்டது. இதில் பள்ளிவாசல் எழுத்தாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எங்கட விமர்சனக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். படைப்பாளி சமூகப் பொறுப்போடு எழுத வேண்டும், கவிஞன் உருவத்தில் கவனம் செலுத்த வேண்டும், இளம் எழுத்தாளர்கள் நிறைய வாசிக்க வேண்டும். 1960களில் முற்போக்கு, நற்போக்கு என்று நடந்த வாதங்களில் இரு பக்கமும் ஒன்றுபட்ட ஓர் இடம் உண்டென்றால் அது இந்த ‘வேண்டும்’தான். வேண்டப்பட்டபடி யாராவது எழுதினார்களா என்பது வேறு கதை.

எல்லோருமே அப்படி இருந்ததில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, முஸ்லிம்கள் நவீனக் கல்வி கற்க வேண்டும் என்று அதில் வாதாடினார். எதிர்ப்பும் வந்தது. 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை எழுதியபோது, ஆங்கிலேயரோடு பழகி, கற்று, முஸ்லிமாகவே இருக்கும் ஓர் இளைஞனை நடமாடவிட்டார். வாசகன் அவனோடு கொஞ்சத் தூரம் போய்விட்டுத் தன் முடிவைத் தானே எடுக்கலாம். அந்த நாவலை ‘முதல் நாவல்’ என்று கொண்டாடுவதில் நாம் காட்டுகிற ஆர்வத்தில் பாதியை, அது எப்படிப் பேசுகிறது என்பதில் காட்டியிருக்கலாம்.

*

பணிவு மொழி பற்றிய ஆய்வுகளில் உலகமெங்கும் எடுத்தாளப்படுவது பெனலோப்பி பிரவுண், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக வந்த ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழ். மற்றவை ஆங்கிலமும் மெக்சிக்கோவின் செல்தால் மொழியும். ஒருவரிடம் ஏதாவது கேட்பதே அவருடைய சுதந்திரத்தில் கொஞ்சம் கை வைப்பதுதான், பணிவு அந்தக் காயத்துக்கு இடும் மருந்து என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மருந்தின் அளவு மூன்றைப் பொறுத்தது: இருவருக்கும் இடையிலான தூரம், அதிகாரம், கேட்கப்படும் காரியத்தின் பாரம். தமிழ்க் கிராமத்துப் பெண்களும் ஆண்களும் பேசிய பேச்சில் இருந்து கட்டிய கோட்பாடு அது. நாமோ அதை ஆங்கில மேற்கோளாகத் திருப்பி இறக்குமதி செய்கிறோம்.

இதன் வியாபாரப் பதிப்பு வேறு. கொழும்பில் விற்பனையாளர்களுக்கு நடக்கிற பயிற்சிகளில் இப்போது அடிபடும் ஒரு சங்கதி, ‘உங்கள் விருப்பம்’ என்ற சொல்லின் மகிமை. 2000ஆம் ஆண்டில் நிக்கொலா கெகென், அலெக்ஸாண்டர் பஸ்குவல் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கச் செய்தார்கள். சும்மா கேட்டபோது நூற்றுக்குப் பத்துப் பேர் கொடுத்தார்கள். ‘தருவதும் தராததும் உங்கள் இஷ்டம்’ என்ற கருத்தில் ஒரு வசனத்தைச் சேர்த்தபோது 47.5 வீதமானோர் கொடுத்தார்கள். 2013இல் கிறிஸ்தோபர் கார்ப்பென்ரர் இதுபோன்ற 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவாக இது வேலை செய்கிறது என்றார். கெகெனின் வேறு பல ஆய்வுகளின் தரவுகள் பற்றிப் பிற்காலத்தில் கடுமையான கேள்விகள் எழுந்தன என்பதைப் பயிற்சி நடத்துகிறவர்கள் சொல்வதில்லை. அது போகட்டும். கட்டாயப்படுத்தினால் மனிதன் முரண்டு பிடிப்பான் என்பதை நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை, என்னுடைய ஒன்பது பேர் போதும்.

என் சங்கடம் வேறு இடத்தில். ‘உங்கள் விருப்பம்’ என்று சொன்னால் கூடுதலாக விற்கும் என்பதற்காகச் சொல்லப்படும் ‘உங்கள் விருப்பம்’, விருப்பத்தை மதிக்கிறதா, தூண்டில் போடுகிறதா? வாங்குகிறவன் ‘அப்ப வேணாம்’ என்று சொன்ன அடுத்த நிமிடம் விற்கிறவனின் முகத்தைப் பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

*

இந்த விஷயத்தில் எங்கட பயான்களில் வழமையாக எடுத்துச் சொல்லப்படும் உதாரணங்கள் மூன்று நான்கு உண்டு. மூஸா நபியும் ஹாரூன் நபியும் (அலை) பிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது மென்மையாகப் பேசும்படி கட்டளையிடப்பட்டார்கள் என்பது ஸூரத்து தாஹாவில் வருகிறது. இப்றாஹீம் நபி (அலை) தம் தந்தையிடம் பேசுவது ஸூரத்து மர்யமில் இருக்கிறது. நாலு தரம் ‘என் அருமைத் தந்தையே’ என்று அழைத்தே ஒவ்வொரு பேச்சையும் தொடங்குகிறார். சிலைகளை விட்டுவிடு என்று ஏவுமுன், ஏன் வணங்குகிறீர்கள் என்று கேள்வியாகத்தான் ஆரம்பிக்கிறார்.

இவற்றைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே மென்மையாகப் பேசினால் வெற்றி நிச்சயம்’ என்று முடிக்கிறார்கள். கதை அப்படியா போகிறது? பிர்அவ்ன் கேட்கவில்லை. இப்றாஹீம் நபியின் தந்தை கல்லால் அடிப்பேன் என்று மிரட்டி விரட்டினார். மகன் ஸலாம் சொல்லி, உங்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுவேன் என்று கூறிப் பிரிந்தார். மென்மைக்கு நாம் காட்டும் இரண்டு பெரிய சான்றுகளும் பலனளவில் தோல்விகள். பள்ளிக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியிடம் நபியவர்கள் (ஸல்) நடந்துகொண்ட முறை போலப் பலன் தந்த சம்பவங்களும் உண்டுதான். ஆனால் வரிசையைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், மென்மை அங்கே ஓர் உத்தியாகக் கற்பிக்கப்படவில்லை என்பது தெரியும். உத்தியென்றால் பிர்அவ்னிடம் வீணாகியிருக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பரீரா (ரழி) அவர்களின் சம்பவம். ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அடிமையாய் இருந்து விடுதலையான பரீரா, தன் கணவர் முகீஸைப் பிரியும் உரிமையைப் பயன்படுத்திப் பிரிந்துவிட்டார். முகீஸ் மதீனாத் தெருக்களில் அவர் பின்னால் அழுதுகொண்டு திரிகிறார், கண்ணீர் தாடியில் வழிகிறது. நபியவர்கள் பரீராவிடம், நீ அவரிடம் திரும்பிப் போனால் என்ன என்ற கருத்தில் கேட்கிறார்கள். பரீரா ஒரு கேள்வி கேட்கிறார்: இது கட்டளையா? இல்லை, பரிந்துரைதான் என்று பதில். அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். யாரும் அவரைக் கண்டித்ததாக இல்லை.

நேற்றுவரை அடிமையாய் இருந்த ஒரு பெண், நபியின் வேண்டுகோளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தது. அந்த ‘இல்லை’தான் அது வேண்டுகோள் என்பதற்கு அத்தாட்சி. பரீரா கேட்ட அதே கேள்வியை எங்கட ஊர்ப் பிள்ளை ஒன்று இன்றைக்கு நிருவாக சபைத் தலைவரிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வகுப்புக் கடிதத்தில் நான் என்ன செய்தேன் என்றும்தான்.

*

பலித்த ஒரு வேண்டுகோளையும் பார்ப்போம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் பாடசாலையில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அனேகமாக, அணியும் அருஞ்சொல் விளக்கமும் எழுதிப் புள்ளி வாங்கியதோடு மறந்திருப்போம். வேடன் ஒருவன் பெண் மானொன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். மான் நபியவர்களிடம் தன் கன்று பசித்திருப்பதைச் சொல்லி, பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நபியவர்கள் வேடனிடம் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சை மறுபடி வாசித்தபோது ஒன்று உறைத்தது. வேடனை அவர்கள் கல்நெஞ்சன் என்று சொல்லவில்லை, உயிர்க்கொலை பாவம் என்று உபதேசிக்கவும் இல்லை. மான் அவன் பிடித்தது, அவன் பசிக்கு உணவு. அந்த நியாயம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. காட்டுக்குப் போன மிருகம் மனிதரைத் தேடித் திரும்பி வருமா என்று அவன் நகைக்கிறான். அது நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் வாதம் அல்ல, பிணை. நான் நிற்கிறேன், வராவிட்டால் ஒன்றுக்கு இரண்டு தருகிறேன். கேட்கப்படும் காரியத்தின் நட்டம் முழுவதும் கேட்டவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. வேடனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. மான் கன்றோடு திரும்பி வந்தபோது வேடனும் மாறிவிடுகிறான் என்று கதை போகிறது.

பிரவுணும் லெவின்சனும் சொன்ன அந்தப் ‘பாரத்தை’ உமறு என்ன செய்கிறார் என்று பாருங்கள். இனிய சொல்லால் பாரத்தை மறைப்பது ஒரு வழி. ‘ஒருக்கா’ போடுவது அதுதான். பாரத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. படலத்தின் பெயரே ‘பிணை’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. அச்சொல்லுக்குப் பெண் மான் என்ற பொருளும் உண்டு என்பதை உமறு அறியாதவரல்லர். எங்கட உரைகளில் இனிமை பற்றி நிறையச் சொல்கிறார்கள், பிணை பற்றி யாரும் பேசுவதில்லை.

*

இவ்வளவும் எழுதிய பிறகு ஓர் இடத்தில் தயங்கி நிற்கிறேன். 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தில் நாமும் மென்மையாகத்தான் கேட்டோம். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்வதை ஆதாரம் காட்டி, மரியாதையான மொழியில் மனுக்கள் எழுதினோம். டிசம்பரில், இருபது நாள் குழந்தை எரிக்கப்பட்ட பின், பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். ஒரு கோஷம் இல்லை, ‘வேண்டும்’ இல்லை. இதைவிட மென்மையான ஒரு மொழியை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. துணிகள் கழற்றப்பட்டன, திரும்பக் கட்டப்பட்டன.

எரிப்பு நின்றது 2021 பெப்ரவரி கடைசியில்தான். நின்றதற்குத் துணி மட்டும் காரணம் என்று சொன்னால் நான் பொய்யன். பாகிஸ்தான் பிரதமரின் வருகை இருந்தது, ஜெனீவாவில் வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான் அடக்க விட்டார்கள். அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது. பலமுள்ளவன் பலமில்லாதவனிடம் மென்மையாகக் கேட்பதும், பலமில்லாதவன் பலமுள்ளவனிடம் மென்மையாகக் கேட்பதும் ஒன்றல்ல. முதலாவது பண்பு. இரண்டாவதற்கு வேறு வழியே இல்லாமல் இருந்திருக்கலாம். மென்மையாகப் பேசினால் எதையும் சாதிக்கலாம் என்று பயிற்சி கொடுப்பவர்கள், அந்த ஜனாஸாக்களின் வீட்டாரிடம் போய் அதைச் சொல்லட்டும் பார்ப்போம். ஆனாலும் அந்தத் துணி கட்டிய மனிதர்களை நினைக்கும்போது அது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலிக்கு முன் நின்ற அடுத்த சமூகத்தவர் பலரை உரத்த குரல் அங்கே கொண்டுவந்திருக்காது.

இந்தக் காரணத்தால்தான், நமக்குள் பலம் நம் கையில் இருக்கும் இடங்களில், நிருவாகம் மஹல்லாவிடம், ஆசிரியர் பெற்றோரிடம், மூத்த எழுத்தாளர் இளையவரிடம் கதைக்கிற இடங்களில், ‘கட்டாயம்’ என்ற சொல் என்னை இப்போது கூடுதலாக உறுத்துகிறது. மேலே இருந்து வரும் உத்தரவின் மொழி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதே மொழியில் சாச்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

வகுப்புக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டாவது கடிதத்தை எழுதுமுன் சாச்சியிடம் போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். வகுப்பு விட எட்டு மணியாகும், குளத்து வீதியில் லைட் இல்லை, பொம்பிளைப் பிள்ளைகள் எப்படி வருவது, கூட்டத்துக்கு வந்தால் சரி என்று தலையாட்டத்தானே வேண்டும், அதனால் வரவில்லை என்றார். கல்வியில் அக்கறை இல்லை என்று தேத்தண்ணிக் கடையில் எழுதிய தீர்ப்பு அதோடு கிழிந்தது. புதிய கடிதத்தைக் கையால் எழுதினேன், ஒவ்வொரு வீட்டுக்கும் உறவுப் பெயர் போட்டு. ‘வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒருக்கா வாங்களன். வகுப்பு முடிய நாங்கள் இரண்டு பேர் பிள்ளைகளை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவோம். சரிவராது என்று நினைத்தால் அதையும் வந்து சொல்லுங்க.’ முப்பத்தி நாலு பேர் வந்தார்கள். வாசல் வரை விடும் வேலை ஒன்றரை வருடம் நடந்தது, மழைக் காலத்திலும்.

ஒரு உம்மா மட்டும் தனக்கு இது சரிவராது என்று ஆளனுப்பிச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய மகன் கொப்பியோடு வந்து பின் வாங்கில் இருந்தான்.